சொல்லவும் கேட்கவும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2006-இல் மின்னியல் துறையில் சேர்ந்து, 2010-இல் வெளியே போனவன். அன்றிலிருந்து பேனல், ரிலே, டிரான்ஸ்ஃபார்மர் என்று சைட் சைட்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சங்கச் செயலாளர் போன் செய்து, "பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டு மேற்படிப்பைப் பற்றிப் பேச அவர்களைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வேறொன்றைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டு, விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேன்பா. பேசு. மரியாதையாப் பேசு, அவ்வளவுதான்" என்றார். அவருக்கு என் முதல் நன்றி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆணுக்கு ஆண் மீதும் பெண்ணுக்குப் பெண் மீதும் ஈர்ப்பு வருவதுண்டு. அப்படிப்பட்டவர்களில் நானும் ஒருவன். இதை அறிவிப்பதற்காக மேடை ஏறவில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேசும்போது என்ன நடக்கிறது, எது உதவுகிறது, எது உடைக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இந்த அரங்கில் இத்தனை பேர் இருக்கிறீர்கள். இப்படி ஒரு பேச்சு உங்களில் பலருக்கு என்றாவது ஒருநாள் வரத்தான் போகிறது. சொல்பவராக வரலாம், கேட்பவராகவும் வரலாம்.

வார்த்தைக்குத் தட்டுப்பாடு

நாங்கள் படித்த காலத்தில் இதைப் பேசக் கௌரவமான வார்த்தை எங்கள் கையில் இல்லை. ஒரு எண் மட்டும் இருந்தது. எந்த எண் என்று உங்களுக்கே தெரியும். இப்போதே பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஆமாம், ஒன்பது. எங்கள் வகுப்பில் ரோல் நம்பர் ஒன்பது வந்தாலே சிரிப்பு. அந்த எண்ணுக்குரிய பையன், பாவம், இரண்டாவது செமஸ்டரிலிருந்து "பிரசன்ட் சார்" என்று வாய் திறப்பதையே விட்டுவிட்டுக் கையை மட்டும் தூக்குவான். அவனுக்கும் இந்த விஷயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு தினமும் ஒரு பாடம் நடத்தியது: இது சிரிக்க வேண்டிய விஷயம், வாயைத் திறக்காதே. நாலு வருஷத்தில் நான் ஒரு வகுப்புகூடத் தவறவிடாத பாடம் அது ஒன்றுதான்.

பத்திரிகைகளில் 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் இருந்தது. அது படுக்கையை மட்டும் பேசுகிற சொல். ஒருவருக்கு ஒருவர் மேல் வருகிற ஈர்ப்பு என்பது அவ்வளவுதானா? கல்யாணமான நண்பர்களைக் கேட்கிறேன். பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் இடம் கிடைக்காதா என்று ஏங்குவது, லீவில் அவர் ஊருக்குப் போய்விட்டால் ஹாஸ்டலே காலியானதுபோல் இருப்பது, நல்ல மார்க் வந்தால் முதலில் அவரிடம் சொல்ல ஓடுவது, இதெல்லாம் உங்களுக்கு வந்ததே, அதுவேதான் இதுவும். அதனால்தான் இன்று 'தன்பாலீர்ப்பு' என்கிறோம். புவியீர்ப்பு மாதிரி. விண்ணப்பம் போட்டு வாங்குவதும் இல்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் போய்விடுவதும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். திருநங்கை, திருநம்பி என்பது ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா பெண்ணாக உணர்கிறாரா என்பதைப் பற்றியது. ஈர்ப்பு என்பது யார்மேல் மனம் போகிறது என்பதைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். இருபால் மீதும் ஈர்ப்பு உள்ளவர்கள் உண்டு. யார்மீதும் அப்படி ஈர்ப்பு இல்லாதவர்களும் உண்டு. எல்லோரையும் சேர்த்துச் சொல்ல 'பால்புதுமையினர்' என்ற சொல் வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் தமிழ்நாடு அரசே 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதற்கான சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது. திட்டுவதற்கு மட்டுமே வார்த்தை இருந்த இடத்தில், கூப்பிடுவதற்கும் வார்த்தை வந்துவிட்டது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பெயர் இல்லாத பழுதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. பெயர் இல்லாத சந்தோஷத்தையும் அப்படித்தான், நண்பனிடம் சொல்ல முடியாது.

மொட்டை மாடிப் பேச்சு

நான் முதன்முதலாக இதை வாய் திறந்து சொன்னது இதே வளாகத்தில்தான். 2009 ஜூலை 2-ஆம் தேதி டில்லி உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் இருப்பதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்படி குற்றமாகக் கருதக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன பிரிவு அது. காமன் ரூம் டி.வி.யில் அன்று இரவு முழுக்க அதுவே செய்தி. அரைமணி நேரம் அறைமுழுக்கக் கிண்டல். நானும் அங்கேதான் இருந்தேன்.

அது பவர் கட் காலம். மின்னியல் துறைப் பையன்கள் நாங்கள்தான் அதிகம் திட்டு வாங்குவோம், ஏதோ நாங்கள் ஃப்யூஸைப் பிடுங்கின மாதிரி. கரண்ட் போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். அன்று நானும் என் ரூம்மேட்டும் தண்ணித் தொட்டிப் பக்கம் பாய் போட்டோம். நான் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எப்பல இருந்துடா தெரியும்?"

"ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போதிருந்து."

கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, "டேய், என் மேல அப்படி எதுவும் இல்லியே?" என்றான்.

"நம்ம கிளாஸ்ல இருக்கிற அத்தனைப் பொண்ணுங்க மேலயும் உனக்கு ஆசையா?"

"இல்லையே."

"அதே மாதிரிதான். உன் மூஞ்சியைப் பார்த்து யாருக்குடா வரும்?"

அவன் சிரித்தான். அப்புறம் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரியும் இருந்தது. இது நிற்க.

அன்று அவன் பெரிய ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. 'நீ தைரியசாலி' என்றெல்லாம் வசனம் பேசவில்லை. ஆனால் மூன்று காரியம் செய்தான். தனக்குத் தெரியாததை என்னிடமே கேட்டான். மறுநாள் மெஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லை. வருஷக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. மூன்றாவது, பாயை நகர்த்திப் போடவில்லை. நான் அரைத்தூக்கத்தில் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தால் அன்றே இந்த வாய் மூடியிருக்கும், இந்த மேடையும் இருந்திருக்காது. இன்று அவன் குடும்பத்தோடு வந்திருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன், அவன் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தீர்ப்பை 2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ராத்திரி பகலாக வேலை நடந்த ஒரு சைட்டில் அப்போது நான் நின்றுகொண்டிருந்தேன். காலையில் சாதாரண மனிதன், மத்தியானம் மறுபடியும் குற்றவாளி. அன்று எனக்கு ஒரே ஒரு போன் வந்தது. அவனிடமிருந்துதான். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமனதாக அந்தத் தடையை நீக்கியபோதும் முதல் போன் அவனுடையதுதான். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 போன்ற பிரிவே இல்லை.

'அவங்க' என்னும் குடை

வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, மறைப்பது என்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று. சைட்டில் மத்தியானச் சாப்பாட்டில் என்ன பேசுவார்கள்? "வீட்ல என்ன சமையல்?" 'வீட்ல' என்றால் மனைவி. "ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க?" "பொண்ணு பாக்கலியா?" யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அதுதான் சிரமம். கோபப்படவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது.

இந்த இடத்தில் நம் தமிழ் எனக்கு ஒரு குடை பிடித்தது. 'வந்தான்' என்றாலும் 'வந்தாள்' என்றாலும் வினைமுற்றே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் 'அவங்க வந்தாங்க' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. "அவங்களுக்கு வத்தக்குழம்புதான் பிடிக்கும்." "அவங்க ஆபீஸ்ல லீவு கிடைக்கல." இப்படியே பல வருஷம் ஓட்டினேன். பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளியே விடுமுன் ஒருமுறை சோதனை போடவேண்டியிருந்தது. காலையிலிருந்து ராத்திரிவரை ஒருவன் தன் வாய்க்குத் தானே வாட்ச்மேன் வேலை பார்த்தால் மற்ற வேலைக்கு எவ்வளவு மூளை மிஞ்சும்?

ஒருநாள் ராத்திரி ஷட்டவுன். என்னோடு வேலை பார்த்த சீனியர் டெக்னீஷியன் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், கேபிளுக்கு டேக் கட்டிக்கொண்டே கேட்டார்: "தம்பி, எப்பவும் அவங்க அவங்கன்னே சொல்றீங்க. அவரா, அம்மாவா?"

"அவர்தாண்ணே."

அவர் டேகைக் கட்டி முடித்தார். "அப்ப அதையே சொல்லுங்க. மனசு லேசா இருக்கும்" என்றார். அடுத்த கேபிளுக்குப் போய்விட்டார்.

எல்லா இடத்திலும் இப்படியே நடந்தது என்று சொன்னால் அது கதை. அதற்கு முன் இருந்த இடத்தில், விஷயம் காதுக்கு எட்டியதும் மேலாளர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "கிளையண்ட் முன்னாடி இனிமே நீங்க வரவேண்டாம், டிராயிங் மட்டும் பாருங்க" என்றார். பக்கத்து சீட்டுக்காரர் என் டிபன் பாக்ஸில் கை வைப்பதை நிறுத்திக்கொண்டார். ஆறே மாதத்தில் வேலை மாறினேன். ரிலே செட்டிங்கில் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாத இடம் அது. போகட்டும்.

ஒரு நீதிபதி படித்த பாடம்

கேட்பது எப்படி என்பதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். இது எல்லோருக்கும் தெரிந்த பதிவு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் சேர்ந்து வாழ முடிவு செய்து சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களிடம் வந்தது.

அவர் நினைத்திருந்தால் இரண்டு பக்கத்தில் ஓர் உத்தரவு போட்டு முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளர் தனித்தனியே சந்தித்துப் பேச ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு, இந்த விஷயம் தனக்கே சரியாகப் பிடிபடவில்லை என்று திறந்த நீதிமன்றத்தில் பதிவு செய்து, தானும் அந்த உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசினார். அதன் பிறகுதான், 2021 ஜூன் 7-ஆம் தேதி, விரிவான உத்தரவு பிறப்பித்தார். ஈர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று செய்யும் சிகிச்சைக்குத் தடை, காவல்துறைக்குப் பயிற்சி, கல்வி நிலையங்களுக்கு வழிகாட்டுதல் எல்லாம் அதிலிருந்து வந்தவை. 2022-இல் காவலர் நடத்தை விதிகளிலேயே, இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சேர்த்தது.

உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், 'எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்' என்று கேட்க முடியுமானால், அப்பாவும் மாமாவும் ஹெச்.ஓ.டி.யும் கேட்கலாம். அதனால் மரியாதை குறைந்துவிடாது.

அம்மா கேட்டது

2018 தீர்ப்புக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து அம்மாவிடம் சொன்னேன். முதலில் அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவர் கூடவே உட்கார்ந்திருந்தார். அம்மா கேட்ட முதல் கேள்வி, "நான் வளர்த்ததுல ஏதாவது தப்பா?" இரண்டாவது, "டாக்டர்கிட்ட காட்டலாமா?" இந்த இரண்டு கேள்வியும் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. ஒரே வீட்டில், ஒரே சோறு தின்று வளர்ந்த அக்காவுக்கு ஆண்மேல் ஈர்ப்பு, தம்பிக்கும் ஆண்மேல் ஈர்ப்பு. வளர்ப்பு என்ன செய்யும்?

இரண்டாவது கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், அம்மாவை ஒரு மனநல மருத்துவரிடமே அழைத்துப் போனோம். அவர் எனக்கு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. "அம்மா, நோய்னு ஒண்ணு இருந்தாத்தான் மருந்து. உங்க பையனுக்கு நோய் இல்ல. உங்களுக்குத்தான் தூக்கம் இல்லாம கண்ணு உள்ள போயிருக்கு" என்று அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினார். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-இல். இந்திய மனநல மருத்துவர் சங்கம் இது நோய் அல்ல என்று 2018-இல் தெளிவாகச் சொன்னது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. யாராவது மாத்திரை, ஷாக், விரதம் என்று கிளம்பினால், பெற்றோர்களே, தயவுசெய்து இந்த மூன்று வருஷங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இப்போது முழுக்கச் சரியாகிவிட்டாரா என்றால், எங்களுக்குச் சமைத்துப் போடுகிறார், இவருக்கு வத்தக்குழம்பு பிடிக்கும் என்று பொடி அரைத்துக் கொடுத்து அனுப்புகிறார். உறவினர் கேட்டால் மட்டும், "அவனுக்கு ஜாதகத்துல கொஞ்சம் தாமதம்" என்கிறார். ஏழு வருஷமாக அதே தாமதம். நானும் திருத்தவில்லை. அவருக்கும் ஒரு குடை வேண்டாமா?

அப்பா சொன்னது

அப்பாவிடம் நான் நேரில் சொன்னதே இல்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதைத் தாண்டி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சென்ற வாரம் செயலாளர், "உரையெல்லாம் மலர்ல வரும்பா" என்றார். மலர் வீட்டுக்கு வரும். அப்பா அட்டை முதல் அட்டை வரை, விளம்பரம்கூட விடாமல் படிப்பவர். அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, என்ன பேசப்போகிறேன் என்று முழுவதையும் சொன்னேன்.

வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேர் வருவாங்க?" என்றார். சொன்னேன். "உங்க வாத்தியாரெல்லாம் இருப்பாங்களா?" "இருப்பாங்கப்பா." மறுபடியும் தெருவைப் பார்த்தார். அப்புறம், "காகிதத்தைப் பார்த்துப் படிக்காதே. நிமிர்ந்து பேசு" என்றார். உள்ளே போய்விட்டார்.

இதற்கு அர்த்தம் ஒப்புக்கொண்டார் என்பதா, எனக்குத் தெரியாது. அர்த்தம் சொல்லச் சொல்லி அவரை நெருக்கவும் மாட்டேன். காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன், பார்த்தீர்களல்லவா? அதனால்தான்.

நம் தொழில்காரர்கள்

கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்கள் ஆலன் டூரிங் பெயரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் வீட்டில் 1952-இல் திருட்டு நடந்தது. போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில், ஓர் ஆணோடு தனக்குள்ள உறவை மறைக்காமல் சொன்னார். திருடனைப் பிடிக்கப் போனவரைச் சட்டம் பிடித்துக்கொண்டது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி. 1954-இல், 42-ஆவது வயது முடியுமுன், இறந்துபோனார். பிரிட்டிஷ் அரசு 2009-இல் வருத்தம் தெரிவித்தது, 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார், கொடுத்தவர் யார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 மே மாதம் 377-ஐ எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஐ.ஐ.டி.களின் இந்நாள், முன்னாள் மாணவர்கள் 20 பேர் உண்டு. வெவ்வேறு ஊர், வெவ்வேறு வருஷம், வெவ்வேறு துறை. படிப்பு முடிந்த பிறகும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, பேசி, தங்கள் பெயரையே மனுவில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். முன்னாள் மாணவர் சங்கம் என்றால் ஆண்டுக்கொருமுறை பிரியாணி சாப்பிடுவது மட்டும் அல்ல என்று காட்டியவர்கள் அவர்கள். பிரியாணிக்கு நான் விரோதி அல்ல; இன்றைக்கு மெனுவில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

சட்டம் எதுவரை

குற்றமில்லை என்பது வேறு, உரிமை என்பது வேறு. 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம், தன்பால் திருமணத்தைத் தன்னால் சட்டமாக்க முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. 2024-இல் மத்திய அரசு, இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. நாங்கள் இருவரும் கணக்குத் தொடங்கினோம். படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வங்கி ஊழியரும் நாங்களும் சேர்ந்தே யோசித்தோம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் அமைவதல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவர் விரும்பியபடி போகவிட்ட வழக்கு அது.

ஆகக் கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. மீதி வழி இன்னும் இருக்கிறது. ஆனால் எந்தத் தீர்ப்பும் ஹாஸ்டல் ரூமுக்குள் வந்து உங்களுக்காகப் பேசாது. அங்கே பேசவேண்டியது நீங்கள்தான்.

கேட்பவர்களுக்கு

ஒரு நண்பனோ தோழியோ, தம்பியோ தங்கையோ உங்களிடம் வந்து சொன்னால், என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள், நல்ல தீர்ப்பாக இருந்தாலும் சரி. "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்று அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டால், அவர் சொல்ல வந்த மீதி உள்ளேயே நின்றுவிடும். "சொல்லு, கேக்குறேன்" போதும்.

இரண்டு, அது உங்கள் செய்தி அல்ல, அவருடையது. அவர் அனுமதி இல்லாமல் நெருங்கிய நண்பனுக்கும் சொல்லக் கூடாது. நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் ஊர் போய்ச் சேர்ந்து, பிள்ளையின் படிப்பையே வீட்டில் நிறுத்திவிடலாம்.

மூன்று, "இதெல்லாம் வயசுக் கோளாறு", "ஒரு கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்ற இரண்டு வாக்கியங்களையும் மறந்துவிடுங்கள். இரண்டாவது வாக்கியத்தை நம்பிக் கழுத்தை நீட்டிய பெண்களின் வாழ்க்கையையும் யோசியுங்கள். காரணமே தெரியாமல் தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். மகனைக் காப்பாற்றுவதாக நினைத்து இன்னொரு வீட்டு மகளைத் தள்ளக் கூடாது.

நான்கு, மறுநாள் பழையபடி இருங்கள். அதே டீக்கடை, அதே கிண்டல், அதே கடன் பாக்கி. பாயை நகர்த்தாதீர்கள்.

பேராசிரியர்களுக்குப் பணிவோடு ஒன்று: வகுப்பில் ஒன்பதாம் எண்ணுக்குச் சிரிப்பு வந்தால், அட்டெண்டன்ஸை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பாருங்கள். திட்டக்கூட வேண்டாம், நீங்கள் பார்த்தாலே பையன்களுக்குப் புரியும். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் ஒருவனுக்கும் புரியும்.

சொல்ல நினைப்பவர்களுக்கு

இந்த அரங்கில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். என் பேச்சுக்குக் கைதட்டவும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவன் பார்ப்பானே என்ற பயம் எனக்கும் தெரியும்.

அவசரம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதுதான் முதல் பேச்சு. அதுவே சிலருக்குப் பல வருஷம் எடுக்கும். இரண்டாவது பேச்சுக்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களின் ரகசியத்தை அவர் எப்படிக் காப்பாற்றுகிறார் என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் சொல்வது கடைசியில் இருக்கலாம். படிப்புச் செலவும் சாப்பாடும் வீட்டை நம்பி இருக்கும்வரை, முதலில் டிகிரியை முடியுங்கள், சொந்தக் காலில் நில்லுங்கள். இதைக் கோழைத்தனம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சர்க்யூட்டைச் சரிபார்க்காமல் சப்ளை கொடுக்கிறவன் வீரன் அல்ல.

போன் ஆப் மூலம் பழகுகிறவர்கள், தெரியாத ஆளைத் தனி இடத்தில் முதலில் சந்திக்காதீர்கள். படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. மாட்டிக்கொண்டால் மிரட்டுகிறவன்தான் குற்றவாளி, நீங்கள் அல்ல. பணம் கொடுக்காமல் ஒரு வக்கீலையோ நம்பிக்கையான பெரியவரையோ கூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போங்கள். ராத்திரி மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் டெலிமானஸ் சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பேச ஆள் இல்லாமல் போன பிள்ளைகள் உண்டு. அந்தக் கணக்கை எந்த மலரும் அச்சிடுவதில்லை. அந்தக் கணக்கில் நம் கல்லூரியிலிருந்து ஒரு பெயரும் சேராமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள். அதற்குப் பெரிய திட்டம், பட்ஜெட், கமிட்டி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு ஹாஸ்டல் பிளாக்கிலும் கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. செயலாளர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். விழா முடியும்வரை நான் இங்கேதான் இருப்பேன், இவரும் வந்திருக்கிறார். வேலையைப் பற்றிக் கேட்க விரும்பினாலும் வாருங்கள், ரிலே பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.